மூன்றாவது பிளேயர்

"இதே மெஷினத்தான் குடுத்தேன்னு நானும் தலப்பாடா—"

"இதக் குடுத்திருந்தா அன்னிக்கு இங்க பாடினது எது, அத மொதல்ல—"

"—அடிச்சுக்கறேன். நான் சொல்றது காதுல விழுதா டீச்சர்?"

"விழுது. என் காதப் பத்தி நீ பேசாத லீத்."

லீத் பாஸ்கோ வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு ஐம்பத்தைந்து வயது. ஆனாலும் ஆறாம் வகுப்பில் தனக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த டல்சி ரஷ்டன் குரலைத் தாழ்த்திப் பேசினால் இன்னமும் அவன் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொள்ளும்.

ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊரில் பழைய ஸ்டீரியோ சாமான் வேண்டுமென்றால் லீத்தின் கடைக்குத்தான் போக வேண்டும். முன்பு அது இறைச்சிக் கடை. சுவர் ஓடுகளில் பன்றியும் செம்மறியாடும் சிரித்துக்கொண்டிருந்தன. மாமிசம் தொங்கிய கொக்கிகளில் இப்போது ஹெட்போன்கள் தொங்கின. வெட்டு மேசையின் மேல், டல்சியின் குளியல் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்த சிடி பிளேயர். ஆறு வாரத்தில் மூன்றாவது.

ஜூன் மாதக் குளிரில் அவளுடைய பழைய பிளேயர் தட்டை வெளியே நீட்டிவிட்டு உள்ளே இழுக்க மறுத்தது. அன்றோடு அதன் கதை முடிந்தது. புதிதாக வாங்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. பழசு வாங்குவதற்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று லீத்தே அவளுக்குப் பாடம் எடுத்திருந்தான். தூக்கிப் பார்த்தால் கனக்க வேண்டும். தட்டு முனகாமல் வந்து போக வேண்டும். நீளமான டிஸ்க் ஒன்றைப் போட்டுக் கடைசிப் பாட்டைக் கேட்க வேண்டும், டிஸ்க்கைப் படிக்கும் லேசர் கண் மங்கிப்போன பிளேயர் ஓரத்துக்கு வரும்போதுதான் திக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொந்த டிஸ்க்கைக் கையோடு கொண்டு வர வேண்டும். கடைக்காரன் போட்டுக் காட்டும் பாட்டு எந்தப் பிளேயரிலும் நன்றாகத்தான் இருக்கும்.

டல்சியின் டிஸ்க் அவளுடைய பாடகர் குழு ஒன்பது வருடத்துக்கு முன் பதிவு செய்தது. நாற்பது குரல்கள். ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று பிளேயரும் இந்தக் கடையில் அருமையாகப் பாடின. மூன்றும் அவள் வீட்டுக்குப் போனதும் செத்துப்போயின. அடிக்குரல்கள் காணாமல் போயின. குழு முழுவதும் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்று பாடுவது போல, எந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. முதலாவதை மாற்றிக் கொடுத்தான். இரண்டாவதையும் மாற்றினான். சில நாள் முன்பு மூன்றாவதைக் கொண்டு வந்தபோது, பேச்சு நன்றாகக் கேட்கும், பாட்டுத்தான் முதலில் போகும், வயதானால் எல்லாருக்கும் அப்படித்தான் என்று மெதுவாகச் சொன்னான். டல்சிக்கு எழுபத்திரண்டு வயது. அன்று இரவு அவள் தூங்கவில்லை.

இன்று மாலை நாலு மணிக்குக் குழுவின் கமிட்டி அவள் வீட்டுக்கு வருகிறது. காது போய்விட்டதென்றால், இருபத்தாறு வருடமாக நடத்திய குழுவை விட்டு விலகுவதாக அவர்களிடம் சொல்லிவிடுவாள். செப்டம்பர் போட்டிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் லீத் ஏமாற்றுகிறான் என்றால், கடையில் ஒன்றைப் பாட வைத்துவிட்டுப் பெட்டிக்குள் வேறொன்றை வைத்துக் கட்டுகிறான் என்றால், அதை நாலு மணிக்குள் தெரிந்துகொண்டாக வேண்டும். அதற்காகத்தான் மாவிஸ் டிரெலோரைப் பிடித்திருந்தாள்.

மாவிஸ் இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன வீடுகளில் தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று துப்புத் துலக்கியவள். நெருப்பைவிட வீட்டுக்காரர்களைத்தான் அதிகம் பார்த்தேன் என்பாள். இப்போது அதே வேலையைத் தன் பெயரில் செய்கிறாள். கூட இருப்பவன் ஸ்பிரோ, ஒரு காலத்தில் மெல்பர்னில் கிரேக்கக் கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டியவன். அவன் வாய்க்குள் இன்னமும் ஒரு மைக் இருக்கிறது.

"சண்ட போட்டது போதும்," என்றாள் மாவிஸ். "ஸ்பிரோ, அதக் கவுத்துப் போடு."

ஸ்பிரோ துண்டைப் பிரித்துப் பிளேயரைத் திருப்பினான். மூன்றாவது பிளேயரைத் தேர்ந்தெடுத்த அன்று, லீத் ரசீது எழுதக் குனிந்தபோது, அதன் அடியில் டல்சி ஒரு பொட்டு நகச்சாயம் வைத்திருந்தாள். மாவிஸ் சொல்லிக் கொடுத்த வேலை.

பொட்டு இருந்தது. அதே இடம், அதே கருஞ்சிவப்பு.

"நல்ல கலர்தான்," என்றான் ஸ்பிரோ. "ஆனா நமக்கு உதவாது மேடம். இவரு மாத்தல."

டல்சிக்குக் காது மடல் சுட்டது. லீத் ஜெயித்த முகத்தோடு நிற்கவில்லை; அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. வருத்தத்தோடு நின்றான்.

மாவிஸ் பிளேயரைக் கடையின் ஸ்டீரியோவில் மாட்டி டல்சியின் டிஸ்க்கைப் போடச் சொன்னாள். டல்சியை நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். பாட்டு ஆரம்பித்தது. வலது பக்கம் அடிக்குரல்காரர்கள் சுவர் மாதிரி எழுந்து நின்றார்கள். இடது ஓரத்தில் மேல்குரல் பெண்கள். இரண்டாம் அடிக்கு முன்னால், நடுவில், பின்வரிசையில், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

டல்சி கேட்டதையெல்லாம் கேட்டபடி சொன்னாள். செருமலையும் சொன்னாள். லீத் ஸ்பீக்கரை எட்டிப் பார்த்தான்.

"எனக்கு அது கேக்கல," என்றான்.

"அப்ப உனக்கும் வயசாயிடுச்சு," என்றாள் டல்சி.

அவனுக்கு இப்போது உண்மையிலேயே குழப்பம். வீட்டில் மட்டும் எப்படிக் கெடும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். வீட்டு ஸ்டீரியோவில் குறை இருக்க வழியே இல்லை, தானே வந்து கேட்டுப் பார்த்தேனே என்றான். டல்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். நீ எப்போது என் வீட்டுக்கு வந்தாய் என்று கேட்டாள். ரெண்டாவது பிளேயரை மாற்றிக் கொடுத்த மறு வாரம், வியாழக்கிழமை, நீங்கள் பல் டாக்டரிடம் போயிருந்தீர்கள், வெர்னாதான் கதவைத் திறந்தாள் என்றான் அவன். தானாகத்தான் கிளம்பிப் போனதாகவும், தொடர்ந்து குறை வந்தால் கடைக்குக் கெட்ட பெயர் என்பதால் கேட்டுப் பார்த்தே தீருவேன் என்று முதல் நாளே வெர்னாவைப் போனில் வற்புறுத்தியதாகவும் சொன்னான்.

"எப்படி இருந்துச்சு?" மாவிஸ் கேட்டாள்.

"சுத்தமா இருந்துச்சு. இங்க கேட்ட மாதிரியே. அதனாலதான் நான் டீச்சரோட காதுன்னு சொன்னேன். வேற என்ன சொல்லச் சொல்றீங்க?"

"வெர்னா என்கிட்ட சொல்லவே இல்லையே," என்றாள் டல்சி. லீத் பொய் சொல்கிறான் என்றே அவளுக்குப் பட்டது. நகச்சாயத்தில் தப்பித்தவன் இப்போது இன்னொரு கதை கட்டுகிறான்.

மாவிஸ் அவனிடம் இன்னொரு கேள்விதான் கேட்டாள். பிளேயரை மாற்றும்போது ஸ்பீக்கர் வயரைத் தொட வேண்டி வருமா? வரவே வராது என்றான் லீத். பிளேயரிலிருந்து போவது சிவப்பும் வெள்ளையுமாக ஒரு ஜோடி வயர், அதைப் பிடுங்கி இதில் சொருகினால் தீர்ந்தது வேலை.

காரில் பிளேயர் டல்சியின் மடியில் இருந்தது. ஸ்பிரோ ஓட்டினான். கடையிலிருந்து வீடு நாலு கிலோமீட்டர், அந்தத் தூரத்தில் காது கெட்டுப்போகும் அளவுக்கு இந்த ஊர்ச் சாலைகள் ஒன்றும் மோசமில்லை என்றான். டல்சி சிரிக்கவில்லை. வெர்னா யார் என்று மாவிஸ் கேட்டாள்.

வெர்னா போல்கிளேஸ் குழுவின் பியானோக்காரி. முப்பத்தோரு வருடச் சிநேகிதி. குழு ஆரம்பிப்பதற்கு முன்பே டல்சியோடு பள்ளிக்கூடத்தில் வாசித்தவள். டல்சியால் குனிய முடியாது, கனமானதைத் தூக்க முடியாது. அதனால் பழைய பிளேயரைக் கழற்றியது, ஒவ்வொரு புதுப் பிளேயரையும் கொண்டு வந்து மாட்டியது, எல்லாம் வெர்னாதான். வீட்டுச் சாவிகூட அவளிடம் ஒன்று உண்டு. டல்சி இதையெல்லாம் பெருமையாகத்தான் சொன்னாள். ஸ்பிரோ கண்ணாடியில் மாவிஸைப் பார்த்தான். மாவிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

மூன்று இருபதுக்கு வீட்டுக்குள் நுழைந்தார்கள். முன்னறையில் கமிட்டிக்காக எட்டு நாற்காலிகள் ஏற்கெனவே போட்டிருந்தன. கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. ஸ்பிரோ பிளேயரை அலமாரியில் வைத்து, சிவப்பையும் வெள்ளையையும் சொருகி, டிஸ்க்கைப் போட்டான்.

தண்ணீர்த் தொட்டி. டல்சி கண்ணை மூடவே இல்லை. கடையில் அரை மணி நேரம் முன்பு அவளுக்குக் கிடைத்த நாற்பது பேரும் மறுபடி கரைந்துபோனார்கள். இதோ, நீங்களே பாருங்கள் என்பது போலக் கையை விரித்தாள்.

"இப்ப இதுல கேளுங்க," என்று ஸ்பிரோ தன் ஹெட்போனைப் பிளேயரின் முன்பக்கத் துளையில் சொருகி அவள் தலையில் மாட்டினான். தலைமுடி கலையும் என்று அவள் வழக்கமாக ஹெட்போனைத் தொடுவதில்லை. அதனால் இத்தனை நாளில் இதை யாரும் செய்து பார்க்கவில்லை.

நாற்பது பேரும் திரும்பி வந்தார்கள். செருமல்கூட வந்தது.

"இந்த வீட்டுல உங்க காது நல்லாத்தான் இருக்கு," என்றாள் மாவிஸ், ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "பிளேயரும் நல்லாத்தான் இருக்கு. அப்ப குறை பிளேயருக்கு அந்தப் பக்கம்."

ஸ்பிரோ அதற்குள் தரையில் மண்டியிட்டு அலமாரியைச் சுவரிலிருந்து இழுத்திருந்தான். தூசியைப் பற்றி டல்சி மன்னிப்புக் கேட்கப் போனாள். தூசி இருப்பது நல்லது, இன்று அதுதான் நமக்குச் சாட்சி என்றான் அவன். வலது ஸ்பீக்கரின் முதுகில் வயர் மாட்டும் இரண்டு திருகுகளும் பல வருடத் தூசியில் சாம்பல் பூத்திருந்தன. இடது ஸ்பீக்கரின் திருகுகள் பளபளத்தன. அவற்றில் சிவப்பு வயர் கறுப்புத் திருகிலும் கறுப்பு வயர் சிவப்புத் திருகிலும் இருந்தன.

"ரெண்டு பெட்டியும் ஒண்ணா மூச்சு விடணும் டீச்சர்," என்றான். "உங்க குழு மாதிரி. இங்க ஒண்ணு மூச்ச இழுக்கறப்ப இன்னொண்ணு விடுது. நடுவுல உக்காந்திருக்கறவங்களுக்குக் காத்தே வராது. கல்யாண மைக் செட்டுல நான் ஒரு தடவ இப்படி மாட்டிட்டேன். மாப்பிள்ள பேசினது மாமியாருக்கு மட்டும் கேக்கல. அந்தக் குடும்பம் இன்னமும் எனக்கு வாழ்த்துக் கார்டு அனுப்புது."

வயர்களை மாற்றி மாட்டினான். பாட்டு மறுபடி ஆரம்பித்தபோது அறையின் வலது பக்கச் சுவரில் அடிக்குரல்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

டல்சி எட்டு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வாரமாக அவள் காலையில் எழுந்ததும் முதலில் செய்தது, தேநீர்க் கரண்டியைக் கோப்பையில் தட்டி, எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்ப்பதுதான். அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. பாவம் வெர்னா, அவளுக்கு இந்த வயரெல்லாம் என்ன தெரியும், பழைய பிளேயரை எடுக்கும்போது ஏதோ கழன்று தப்பாக மாட்டியிருப்பாள், கேட்டால் துடித்துப்போவாள் என்றாள். இதை அவளிடம் சொல்லவே வேண்டாம் என்றுகூடச் சொன்னாள்.

மாவிஸ் அவளுக்கு எதிரே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"லீத் வியாழக்கிழம இங்க வந்து கேட்டப்ப எப்படி இருந்துச்சுன்னு சொன்னான்?"

"சுத்தமான்னான். பொய்."

"ஏன் பொய்? நகச்சாயம் அவன் பக்கம் பேசுச்சு. பிளேயர் அவன் பக்கம் பேசுச்சு. இதுல மட்டும் எதுக்கு அவன் பொய் சொல்லணும்?"

டல்சி இடது ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தாள்.

மாவிஸ் அவசரப்படாமல் சொல்லிக்கொண்டே போனாள். வயர் ஒரு தடவை தப்பாக மாட்டப்பட்டால் அது தவறு. அப்படிப்பட்ட தவறு அங்கேயே கிடக்கும், யாராவது வந்து சரி செய்கிற வரைக்கும். இந்த வயர் புதன்கிழமை தப்பாக இருந்தது. வியாழக்கிழமை விருந்தாளி வந்த ஒரு மணி நேரம் சரியாக இருந்தது. சாயங்காலம் நீங்கள் பல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மறுபடி தப்பாக இருந்தது. ஆள் பார்த்து மாறுகிற தவறை நான் எரிந்த வீடுகளில்தான் பார்த்திருக்கிறேன்.

"இல்ல," என்றாள் டல்சி.

"அன்னிக்குக் கதவத் தொறந்தது யாரு?"

வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. மாவிஸ் சட்டென்று எழுந்து, குளியல் துண்டை எடுத்துப் பிளேயரின் மேல் போட்டாள். பாட்டை நிறுத்தவில்லை.

வெர்னா இரண்டு கையாலும் ஜாம் கேக் தட்டைப் பிடித்துக்கொண்டு, காலால் கதவைச் சாத்தியபடி உள்ளே வந்தாள். வாசலில் நின்றே சீக்கிரம் வந்துவிட்டதாகவும், வெளியே பனி விழப் போகிறதென்றும், இவர்கள் யார் என்றும் ஒரே மூச்சில் சொன்னவள், பாட்டைக் கேட்டதும் நின்றுவிட்டாள்.

"டல்சியோட சிநேகிதி நான்," என்றாள் மாவிஸ். "லீத் இன்னிக்கு நாலாவதா ஒரு பிளேயர் குடுத்தான். துண்டுக்கு அடில இருக்கு. எப்படிப் பாடுது பாருங்க."

வெர்னா பார்த்தாள். துண்டை அல்ல. அவள் கண் நேராக இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் போனது, அலமாரி சுவரை விட்டு விலகி நிற்பதைக் கண்டது, அங்கேயே நின்றது. கேக் தட்டு லேசாகச் சரிந்தது. ஸ்பிரோ போய் அதை வாங்கிக்கொண்டான்.

"பாட்டு நல்லா இருந்தா எல்லாரும் பிளேயரத்தான் பாப்பாங்க," என்றாள் மாவிஸ். "நீங்க ஸ்பீக்கரோட முதுகப் பாக்கறீங்க."

டல்சி வெர்னாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முப்பத்தோரு வருடமாகக் கையை உயர்த்தும் முன் அவள் பார்ப்பது அந்த முகத்தைத்தான். வெர்னா தயார் என்றால் புருவம் ஒரு நூல் உயரும், தயாரில்லை என்றால் உதட்டைக் கடிப்பாள். இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். டல்சி எழுந்து போய்ப் பாட்டை நிறுத்தினாள்.

"குழுவ நடத்தணும்னு ஆச இருந்தா கேட்டிருக்கலாமே வெர்னா," என்றாள். "நான் குடுத்திருப்பேன்."

"எனக்கு எதுக்குடி அது," என்றாள் வெர்னா. கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தாள். "எனக்காகவா செஞ்சேன்?"

பிறகு எல்லாம் வந்தது, தலையும் வாலுமாக. மே மாதக் கச்சேரியில் ஹார்வி தனியாகப் பாடிய பகுதியில் சுருதி இறங்கிவிட்டது. எட்டு வரி. அவனைத் தொடர்ந்து எல்லாரும் இறங்கினார்கள். பியானோவில் உட்கார்ந்திருந்த வெர்னாவுக்கு வாசிப்பதை நிறுத்திவிட்டு ஓடிப்போகலாம் போலிருந்தது. டல்சி மட்டும் கையை வீசிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, சிரித்தபடி நின்றாள். அன்றே கமிட்டி ஏழு பேரும் கார் நிறுத்தத்தில் நின்று பேசினார்கள். டல்சிக்குக் காது போய்விட்டது. ஆனால் அதை அவளிடம் யார் சொல்வது? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு முகத்துக்கு நேரே அதைச் சொல்ல அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. காது பரிசோதனைக்குப் போய் வா என்று வெர்னா ஜாடையாகச் சொன்னபோது டல்சி சிரித்து மழுப்பிவிட்டாள். குளிர்கால விடுமுறை வந்தது. ஆறு வாரம் ஒத்திகை இல்லை. அப்போதுதான் பழைய பிளேயர் செத்தது.

"மெஷின் சொன்னா உனக்கு வலிக்காதுன்னு நெனச்சோம்," என்றாள் வெர்னா. "நீயாத் தெரிஞ்சுக்கிட்டு, நீயா வெலகிட்டா, மரியாதையா இருக்கும்னு. எங்கள்ல மூணு பேரு உக்காந்து யோசிச்சு முடிவெடுத்தது. லீத் வர்றேன்னு நின்னப்பத்தான் எனக்குக் கை காலெல்லாம் ஓடல. உனக்கு நல்லது பண்றதாத்தான்டி நெனச்சோம்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"ஏழு பேருக்கும்."

டல்சி நாற்காலிகளைப் பார்த்தாள். காலையில் ஒவ்வொன்றாகத் தூக்க முடியாமல் இழுத்து இழுத்துப் போட்டவை. ஸ்பிரோ கேக் தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"கேட்டுது," என்றாள் டல்சி.

"என்ன?"

"ஹார்வி எறங்கினது. மொதல் வரிலயே கேட்டுது. நீங்கல்லாம் அவன் பின்னாடி எறங்கினதும் கேட்டுது. யார் யார் எந்த வரில எறங்கினீங்கன்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன்."

வெர்னா தலையை நிமிர்த்தினாள்.

ஹார்விக்குத் தொண்டையில் கட்டி வந்து, ஆறு மாதம் மெல்பர்னுக்கும் வீட்டுக்கும் அலைந்து, மறுபடி பாடுவானா என்று டாக்டரே சந்தேகப்பட்டது குழுவில் எல்லாருக்கும் தெரியும். அந்த மே மாதக் கச்சேரியில்தான் அவன் திரும்ப வந்து நின்றான். அவன் மனைவி முதல் வரிசையில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுருதி இறங்கியதும் அவன் கண் டல்சியிடம் வந்தது, நிறுத்தட்டுமா என்று. இந்த விவரத்தை டல்சி சொல்லச் சொல்ல வெர்னாவின் முகத்தில் நிறம் போய்க்கொண்டே இருந்தது.

"அவனப் பாத்து நான் வேற என்ன செய்யறது," என்றாள் டல்சி. "சிரிச்சேன். பாடுடான்னு தலைய ஆட்டினேன். நீங்களும் அதுக்காகத்தான் அவனோட சேந்து எறங்கிப் பாடறீங்கன்னு நெனச்சேன். என் குழுவப் பத்தி அன்னிக்கு எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

"சொல்லியிருக்கலாமே டல்சி. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"எத? ஹார்வி நல்லாப் பாடலன்னா?"

வெளியே கேட் திறந்தது. வாசற்படியில் ஷூக்களைத் தட்டும் சத்தமும், யாரோ யாரையோ முதலில் போகச் சொல்லும் சத்தமும், கமிட்டிக்காரர்களைக் காரில் கொண்டு வந்து விடும் ஹார்வியின் கரகரத்த சிரிப்பும் கேட்டன. மாவிஸ் டல்சியின் பக்கத்தில் வந்து, வேண்டுமானால் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவதாகத் தாழ்ந்த குரலில் சொன்னாள். இப்போது எல்லா அத்தாட்சியும் உங்கள் பக்கம், யாரும் உங்களை விலகச் சொல்ல முடியாது என்றாள். டல்சி வேண்டாம் என்று தலையசைத்தாள். ஸ்பிரோவிடமிருந்து கேக் தட்டை வாங்கி, மேசையின் நடுவில், வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்தாள்.

"செப்டம்பர் போட்டிய நீங்களே நடத்திக்குங்க," என்றாள். "நான் வர மாட்டேன். ஆனா காது போயிடுச்சுன்னு வெளில ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது. போனது அது இல்ல."

வெர்னா எழுந்து அவள் கையைப் பிடிக்க வந்தாள். டல்சி கையை இழுத்துக்கொள்ளவில்லை, கொடுக்கவும் இல்லை. கதவை இரண்டு முறை தட்டினார்கள். யாரும் திறக்கப் போகவில்லை.

"முப்பத்தோரு வருஷமா நீ தப்பா வாசிச்ச எடத்துலல்லாம் உன்னப் பாத்தும் சிரிச்சிருக்கேன் வெர்னா," என்றாள் டல்சி. "அப்பவும் எனக்குக் காது கேக்கலன்னா நெனச்ச?"